சிகாகோ பேரைக் கேட்டாலே செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு ஏன் முகம் மாறுகிறது?

மிசிசிப்பிக் கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நியூ ஜெர்சியிலிருந்து வேலை மாற்றலாகி செயின்ட் லூயிஸ் வந்திருக்கிறேன். அங்கே இருந்தவரை நகரப் போட்டி என்றால் எனக்கு நியூயார்க்கும் பாஸ்டனும்தான். யாங்கீஸ், ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிகள் மோதும் அன்று சூடாகும், மறுநாள் ஆறிவிடும். இங்கே கதை வேறாக இருக்கிறது. எங்கள் குழுவில் ஓய்வு பெறும் வயதில் ஒரு பெரியவர் இருக்கிறார். யாரைப் பற்றியும் அவர் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. சிகாகோ ஏரிக்கரை எவ்வளவு அழகு என்று நான் சொன்னதும், "அந்த இடம் எங்களுக்கு வந்திருக்க வேண்டியது" என்றார். பேஸ்பாலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னதோ ரயில் பாதையைப் பற்றி. அதுவும் 1850களில் போட்ட பாதை!

2020 கணக்கெடுப்பில் சிகாகோவில் 27 லட்சத்து 46 ஆயிரம் பேர். செயின்ட் லூயிஸ் நகரில் 3 லட்சத்துச் சொச்சம். இந்த இரண்டு ஊரும் நிஜமாகவே ஒரு காலத்தில் சரிக்குச் சரியாக நின்றனவா? அப்படியானால் எங்கே பிரிந்தன? சிகாகோகாரர்களுக்கும் இதே கோபம் இருக்கிறதா? வேறு அமெரிக்க நகரங்களிலும் இப்படிப் பழைய கணக்குகள் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், நிதானமாகப் படிக்கிறேன்.

நடுவழி இல்லினாய் எழுதியது:

நான் பல வருஷமாக புளூமிங்டனில் இருக்கிறேன். சிகாகோவிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் 55ஆம் நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட பாதி வழி. ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால் நம் ஆட்களும் நிறைய. பேஸ்பால் தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் ஒரு வாசலில் சிகாகோ அணியான கப்ஸின் நீலக் கொடி, அடுத்த வாசலில் செயின்ட் லூயிஸ் அணியான கார்டினல்ஸின் சிவப்புக் கொடி. ஒரே வீட்டுக்குள் கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்பதும் சாதாரணம். தெற்கே ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் போகப் போக சிவப்பு கூடும். இந்த எல்லைக்கோட்டிலேயே குடியிருப்பதால் இதன் பூர்வீகத்தைத் தேடித் தேடிப் படித்தேன். உங்கள் பெரியவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

1850ல் செயின்ட் லூயிஸில் கிட்டத்தட்ட 78 ஆயிரம் பேர். சிகாகோவில் 30 ஆயிரம்கூடக் கிடையாது. மிசூரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே செயின்ட் லூயிஸ். இன்னும் கீழே போனால் ஒஹாயோ ஆறும் வந்து சேர்கிறது. நடு அமெரிக்காவில் விளைந்ததெல்லாம் நீராவிப் படகில் ஏறி, செயின்ட் லூயிஸ் துறை வழியாக நியூ ஆர்லியன்ஸ் போய்க் கடலைத் தொடும். சிகாகோ அப்போது ஏரியோரம் சேறும் சகதியுமான ஊர். ஆனால் 1848ல் அங்கே மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன: மிச்சிகன் ஏரியை இல்லினாய் ஆற்றோடு இணைக்கும் கால்வாய் திறந்தது, முதல் ரயில் ஓடியது, தானிய வியாபாரிகளின் சந்தை மன்றம் தொடங்கியது. அதுவரை ஆற்றோடு தெற்கே போய்க்கொண்டிருந்த சோளம் வடக்கே திரும்பியது.

அடுத்தது பாலம். 1856 ஏப்ரலில் ராக் ஐலண்டுக்கும் டேவன்போர்ட்டுக்கும் நடுவே மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம் திறந்தது. சிகாகோவின் ரயில் ஆற்றைத் தாண்டி அயோவாவுக்குள் நுழைந்தது. சில வாரங்கள்கூட ஆகவில்லை, மே 6ஆம் தேதி எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு பாலத்தூணில் மோதித் தீப்பிடித்தது. படகோடு பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. பாலத்தை எடுக்க வேண்டும் என்று படகுக்காரர்கள் பக்கம் நின்றார்கள் செயின்ட் லூயிஸ் வணிகர்கள். பாலக் கம்பெனிக்காக வாதாடியவர் ஆபிரகாம் லிங்கன். ஆற்றில் வடக்கும் தெற்கும் போகிறவனுக்கு இருக்கும் அதே உரிமை, கிழக்கிலிருந்து மேற்கே ஆற்றைக் கடக்கிறவனுக்கும் உண்டு என்பது அவர் வாதம். 1857ல் ஜூரிகள் ஒத்துப்போகாமல் வழக்கு நின்றது. பாலமும் நின்றது. போட்டியின் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

பின்னே உள்நாட்டுப் போர் வந்து மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியை அடைத்தது. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் விழும்வரை ஆற்று வியாபாரம் படுத்தது. வடக்குப் படைக்கு இறைச்சியும் தானியமும் அனுப்பிய சிகாகோ அந்த வருஷங்களில் கொழுத்தது.

செயின்ட் லூயிஸ் அப்போதும் நம்பிக்கையை விடவில்லை. நாட்டின் தலைநகரையே வாஷிங்டனிலிருந்து இங்கே மாற்ற வேண்டும் என்று 1869ல் ஒரு மாநாடே கூட்டினார்கள். 1870 கணக்கெடுப்பு செயின்ட் லூயிஸுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம், சிகாகோவுக்கு 2 லட்சத்து 99 ஆயிரம் என்றது. செயின்ட் லூயிஸ் எண்ணிக்கையில் ஊதல் இருந்தது என்ற சந்தேகம் அன்றே எழுந்தது, இன்றும் பல வரலாற்றாசிரியர்கள் அப்படியே நினைக்கிறார்கள். மறு வருஷம் சிகாகோ பற்றி எரிந்தது. ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆனால் கால்நடைச் சந்தையும் பெரும்பாலான ரயில் வசதிகளும் தப்பிவிட்டதால், ஊர் எழுந்த வேகம் எல்லாரையும் மலைக்க வைத்தது. 1880ல் சிகாகோ 5 லட்சம், செயின்ட் லூயிஸ் 3.5 லட்சம்.

உங்கள் ஊரில் மிசிசிப்பியின் குறுக்கே நிற்கும் ஈட்ஸ் பாலத்தை நீங்கள் தினமும் பார்க்கலாம். ஒரு மாலை அதில் நடந்து பாருங்கள். மேலே சாலையும் நடைபாதையும், கீழே ரயில். இப்போது மெட்ரோலிங்க் அந்தக் கீழ்த்தளத்தில்தான் ஓடுகிறது. கரையோரமாக நின்று பார்த்தால் எஃகுக் குழாய்களை வளைத்து மூன்று பெரிய வளைவுகளாகக் கட்டியிருப்பது தெரியும். எஃகை இந்த அளவுக்கு நம்பி அதற்கு முன் யாரும் பாலம் கட்டவில்லை. கட்டிய ஜேம்ஸ் ஈட்ஸ் ஆற்றில் மூழ்கிய படகுகளை மீட்டுச் சம்பாதித்தவர், வேறு எந்தப் பாலமும் கட்டியதில்லை. ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் இறங்கி வேலை செய்து, மேலே வந்ததும் உடல் முறுக்கிச் செத்த தொழிலாளர்கள் பத்துப் பேருக்கும் மேல். திறக்கும் முன் மக்களின் பயம் போக ஒரு யானையை நடக்கவிட்டார்கள். 1874 ஜூலை 4 அன்று திறப்பு விழா. இவ்வளவு செய்தும் ராக் ஐலண்டுக்கு 18 வருஷம் பிந்திவிட்டது. அதுவரை சரக்கையெல்லாம் கிழக்குக் கரையில் இறக்கிப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டியிருந்தது. கூடவே பாலக் கம்பெனி சீக்கிரமே திவாலானது. அந்தப் பாலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

1876ல் நடந்ததை இன்றைய செயின்ட் லூயிஸ்காரர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. நகரம் தன் கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் மாதிரி) ஓட்டுப் போட்டுப் பிரிந்துகொண்டது. கிராமப்புறத்துக்கு வரிப்பணம் போவானேன் என்ற கணக்கு. அன்று வரைந்த எல்லை இன்றுவரை அதே எல்லை, சுமார் 160 சதுர கிலோமீட்டர். சிகாகோ 1889ல் நேர்மாறாகச் செய்தது. ஹைட் பார்க், லேக் வியூ என்று சுற்றியிருந்தவற்றைச் சேர்த்து ஒரே வீச்சில் 300 சதுர கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்தது, 1890 கணக்கெடுப்பில் 10 லட்சத்தைத் தாண்டி பிலடெல்பியாவைப் பின்தள்ளியது. அதனால் நீங்கள் சொன்ன 3 லட்சத்தை வைத்து எடை போடாதீர்கள். கோட்டுக்கு வெளியே, கவுண்டியில் மட்டும் இன்னும் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

இனி சாக்கடைக்கு வருவோம். சிகாகோ தன் கழிவை ஏரியில் விட்டது, குடிநீரும் அதே ஏரியில் எடுத்தது. டைபாய்டு தாங்க முடியாமல் சிகாகோ ஆற்றையே திருப்பிவிட்டார்கள். 1900 ஜனவரியில், செயின்ட் லூயிஸ் இருக்கும் மிசூரி மாநிலம் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடுமோ என்று பயந்து, புதுக் கால்வாயை அவசர அவசரமாகத் திறந்தார்கள். கழிவு இல்லினாய் ஆறு வழியாக மிசிசிப்பியில் கலந்து, செயின்ட் லூயிஸ் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே வந்து சேர்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நோய்க்கிருமி அவ்வளவு தூரம் உயிரோடு வருமா என்பதே கேள்வி. அதைச் சோதிக்க, தீங்கில்லாதது என்று அப்போது நம்பிய ஒரு பாக்டீரியாவை 107 பீப்பாய்களில் கால்வாயில் கொட்டினார்கள், நவம்பர் 6, 1901 அன்று. டிசம்பர் 4ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நீரேற்று கோபுரத்தில் அதில் ஒன்று கிடைத்தது. அதுவும் போதவில்லை. நீதிபதி ஹோம்ஸ் 1906ல் வழக்கைத் தள்ளினார். மிசூரியின் ஊர்களே ஆற்றில் கழிவு விடுகின்றனவே என்றும் கேட்டார். மேலே இருக்கும் ஊர் தன் அழுக்கைக் கீழே அனுப்புகிறது, சட்டமும் ஒன்றும் செய்யவில்லை என்றால் கோபம் எப்படித் தீரும், சொல்லுங்கள்.

செயின்ட் லூயிஸும் ஒரு முறை சரியாகத் திருப்பிக் கொடுத்தது. 1904 ஒலிம்பிக் முதலில் சிகாகோவுக்குத்தான் ஒதுக்கப்பட்டது. அதே வருஷம் உலகக் கண்காட்சி நடத்திய செயின்ட் லூயிஸ் அதைப் பிடுங்கிக்கொண்டது.

சிகாகோவுக்கும் இதே கோபம் உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. 1880க்குப் பிறகு சிகாகோ இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை, அதன் கண் நியூயார்க் மேல். 1893 உலகக் கண்காட்சி எங்கே என்று 1890 பிப்ரவரியில் அமெரிக்கக் கீழவை ஓட்டுப் போட்டது. எட்டாவது சுற்றில் சிகாகோ 157, நியூயார்க் 107, செயின்ட் லூயிஸ் வெறும் 25. (அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் சர்வசமயப் பேரவை நடந்தது. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வசூல் செய்து விவேகானந்தரை அனுப்பியது இதற்குத்தான். ஓட்டு வேறு மாதிரி போயிருந்தால் 'நியூயார்க் சொற்பொழிவு' என்று நாம் பள்ளியில் படித்திருப்போமோ என்று நினைத்துக்கொள்வேன்.) நியூயார்க்குக்கும் அந்தப் பயம் இருந்தது. சிகாகோ முந்திவிடும் என்ற பேச்சு, 1898ல் புரூக்ளினையும் மற்றவற்றையும் சேர்த்துப் பெருநகரமானதற்கு ஒரு முக்கிய காரணம். 1894 வாக்கெடுப்பில் புரூக்ளின் சம்மதித்தது வெறும் 277 ஓட்டு வித்தியாசத்தில்.

தோற்ற ஊர் நினைவு வைத்திருக்கும், ஜெயித்த ஊர் அடுத்த ஆளைத் தேடிப் போகும். நான் படித்ததில் எல்லா ஊரிலும் இதுதான் நடந்திருக்கிறது.

டாலஸ் ஓரம் எழுதியது:

நடுவழி அண்ணா எழுதியது அருமை. எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது இர்விங்கில், விமானம் வீட்டுக்கு மேலே தாழ்வாகப் போகும் பகுதி. அந்த விமான நிலையமே ஒரு பகையின் ராஜிப் பத்திரம்.

டாலஸும் ஃபோர்ட் வொர்த்தும் ஒன்றுக்கொன்று 50 கிலோமீட்டர்தான். ஃபோர்ட் வொர்த் பத்திரிகை அதிபர் ஏமன் கார்ட்டர், டாலஸுக்குப் போக நேர்ந்தால் அங்கே காசு கொடுத்துச் சாப்பிடக் கூடாது என்று கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1940களில் நடுவே பொது விமான நிலையம் கட்டப் பேசினார்கள். முனையக் கட்டடம் எந்த ஊர்ப் பக்கம் அமைய வேண்டும் என்ற தகராறில் டாலஸ் விலகிவிட்டது. ஃபோர்ட் வொர்த் 1953ல் தனியாக ஒன்று கட்டியது. பயணிகளோ டாலஸின் லவ் ஃபீல்டுக்கே போனார்கள். கடைசியில் 1964ல் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து வாரியம், இருவரும் சேர்ந்து ஓரிடத்தை முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் செய்வோம் என்று கெடு வைத்தது. அப்படிப் பிறந்ததுதான் 1974 ஜனவரியில் திறந்த இன்றைய நிலையம். மன்ஹாட்டனைவிடப் பெரிய நிலப்பரப்பு.

அதோடும் முடியவில்லை. சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனி லவ் ஃபீல்டை விட்டு வர மறுத்தது. புது நிலையத்தைக் காப்பாற்ற ஃபோர்ட் வொர்த்தின் எம்.பி. ஜிம் ரைட் 1979ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். பெரிய விமானங்கள் லவ் ஃபீல்டிலிருந்து டெக்சாஸுக்கும் ஒட்டிய சில மாநிலங்களுக்கும் மட்டுமே பறக்கலாம். அந்தக் கட்டுப்பாடு முழுசாக நீங்கியது 2014 அக்டோபரில்!

இப்போது ஃபோர்ட் வொர்த் வேகமாக வளர்கிறது. 2020ல் 9 லட்சத்து 19 ஆயிரம். டாலஸ் 13 லட்சம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஊர் ஆட்களும் இருக்கிறார்கள், யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை. ஹூஸ்டன் பேச்சு வந்தால் மட்டும் ஒரே கட்சி ஆகிவிடுகிறார்கள். நம் மக்கள் பெரும்பாலும் ஃபிரிஸ்கோ, பிளேனோ என்று புறநகரில் இருப்பதால் பழைய கோடு தெரிவதே இல்லை. ஆனாலும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வளைகுடா வாசி எழுதியது:

கலிபோர்னியாவிலிருந்து ஒன்று. 1920 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் (5 லட்சத்து 77 ஆயிரம்) சான் ஃபிரான்சிஸ்கோவை (5 லட்சத்து 7 ஆயிரம்) முந்தியது. 300 கிலோமீட்டருக்கும் மேலிருந்து தண்ணீர் கொண்டுவந்த 1913 கால்வாய் இல்லாமல் அது நடந்திருக்காது. இன்றும் சான் ஃபிரான்சிஸ்கோவில் லாஸ் ஏஞ்சல்ஸை விரும்பாதவர்கள் ஏராளம். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த வருஷங்களில் எதிர்ப்பக்கக் கோபத்தை நான் கண்டதே இல்லை. நடுவழி சொன்னது அப்படியே பொருந்துகிறது.

எனக்கு ஆச்சரியம் தருவது வேறு. லாஸ் ஏஞ்சல்ஸின் டாட்ஜர்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் அணிகளின் பகை இங்கே விளைந்ததே அல்ல. அது புரூக்ளினுக்கும் மன்ஹாட்டனுக்கும் இருந்த பகை. டாட்ஜர்ஸ் முதலாளி வால்டர் ஓமாலி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பியபோது ஜயன்ட்ஸின் ஸ்டோன்ஹாமையும் மேற்கே வரச் சம்மதிக்க வைத்தார். கிழக்கிலிருந்து வரும் அணிகள் ஒரே ஓர் ஊருக்காக அவ்வளவு தூரம் பறக்க ஒப்பாதே. 1958 ஏப்ரல் 15, சான் ஃபிரான்சிஸ்கோ சீல்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம், ஜயன்ட்ஸ் 8-0. 1920லிருந்து புழுங்கிக்கொண்டிருந்த ஊருக்கு அந்த ஒரு நாளில் கை நிறைய ஆயுதம் கிடைத்தது. புரூக்ளினில் பறிபோன அந்த அணிக்காக அழுதவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

மிசிசிப்பிக் கரை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவரிடம் 107 பீப்பாய் கதையைச் சொன்னேன், அவருக்கே அது புதுசு. நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இன்னொரு கேள்வி. சிகாகோவை லாஸ் ஏஞ்சல்ஸ் எப்போதோ முந்திவிட்டது, ஹூஸ்டனும் நெருங்குகிறது. அப்படியானால் சிகாகோகாரர்கள் இப்போது ஹூஸ்டனைப் பகைக்க வேண்டுமே? சிகாகோ நண்பர்களிடம் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்கிறார்கள்.

நடுவழி இல்லினாய் எழுதியது:

நல்ல கேள்வி. எண்ணிக்கையில் பக்கத்தில் இருப்பது மட்டும் பகைக்குப் போதாது. ஒரே கோதுமைக்கு, ஒரே ரயிலுக்கு, ஒரே ஜனங்களுக்கு இரண்டு ஊரும் கை நீட்ட வேண்டும். சிகாகோவும் செயின்ட் லூயிஸும் என் ஊர் சோளத்துக்காக அடித்துக்கொண்டன. ஹூஸ்டனுக்கும் சிகாகோவுக்கும் நடுவே அப்படிப் பங்குபோட எதுவும் இல்லை. 1990 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் 34 லட்சத்து 85 ஆயிரம், சிகாகோ 27 லட்சத்து 84 ஆயிரம் என்று வந்தபோதும் சிகாகோவுக்கு வருத்தம் இருந்தது, ஆனால் பகையாக மூளவில்லை. 2020ல் ஹூஸ்டன் 23 லட்சம். அங்கேயும் எல்லைக் கணக்கு உண்டு: டெக்சாஸ் சட்டம் பல பத்தாண்டுகள் தாராளமாக அக்கம்பக்கத்தைச் சேர்த்துக்கொள்ள விட்டதால் ஹூஸ்டனின் பரப்பு சிகாகோவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

சோளமும் ரயிலும் போன பிறகு உங்கள் ஊரும் சிகாகோவும் பங்குபோட மிஞ்சியது பேஸ்பால் ரசிகர்கள். செயின்ட் லூயிஸின் கே.எம்.ஓ.எக்ஸ். வானொலி 50 ஆயிரம் வாட்டில் கார்டினல்ஸ் ஆட்டத்தைத் தெற்கெங்கும் கொண்டு சேர்த்தது, அந்தப் பக்கம் வேறு பெரிய அணியே இல்லாத காலத்தில். அதன் பலன் இன்றும் தெற்கு இல்லினாய், ஆர்கன்சா வீடுகளில் தெரியும். 1964 ஜூன் 15 அன்று கப்ஸ், எர்னி பிரோக்லியோ என்ற பந்துவீச்சாளருக்காக லூ பிராக்கைக் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. பிராக் வந்த அந்த வருஷமே கார்டினல்ஸ் பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரை வென்றது, பின்னாளில் அவர் பெருமை மண்டபத்திலும் இடம்பெற்றார். இங்கே கப்ஸ் ரசிகர்களிடம் பிராக் பேரைச் சொல்லிப் பாருங்கள், உங்கள் பெரியவர் முகம் மாறிய மாதிரியே மாறும். உலகத் தொடர் வெற்றிகளில் கார்டினல்ஸ் 11. கப்ஸுக்கு 1908க்குப் பிறகு 2016ல்தான் கிடைத்தது. ஆக இந்த ஒரு கணக்கில் உங்கள் ஊர்தான் மேலே, அதனால்தான் இதை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கப்ஸ் உங்கள் ஊருக்கு வரும் தொடரில் ஒரு நாளாவது மைதானத்துக்குப் போங்கள். வார இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் விலை ஏறிவிடும், வார நாளாகப் பாருங்கள். புளூமிங்டனிலிருந்து லிங்கன் சர்வீஸ் ரயிலில் நீலச் சட்டைக்காரர்கள் கூட்டமாக வருவார்கள், நானும் வருவேன். பெரியவரையும் அழைத்து வாருங்கள். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது, முக்கியமாக அந்த 1876 ஓட்டைப் பற்றி அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று.